நான்காம் எண் கார் பெட்ரோல் ஏற்க மறுத்த வழக்கு

தர உறுதி வாரியத்தின் நான்காம் எண் கார் பெட்ரோலை ஏற்க மறுத்தது ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு. இந்த நேரம் வாரியத்தின் அறிக்கையில் மூன்று இடங்களில் பதிவாகியிருக்கிறது. மறுத்ததற்கான காரணம் அதற்கு முந்தைய சனிக்கிழமையே காருக்கு அடியில் செருகப்பட்டுவிட்டது. அது எந்தப் பக்கத்திலும் பதிவாகவில்லை. செருகியவர் அந்தக் காரின் ஓட்டுநர்.

அவரை அலுவலகத்தில் எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை. வாரியத்தின் வேலை மற்றவர்களுடைய தராசு, தலைக்கவசம், மாடிப்படிக் கைப்பிடி, பெட்ரோல் பங்க் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது. வாரியத்தின் சொந்த லிஃப்ட் இரண்டு வருடமாகத் தர ஆய்வில் இருந்ததால் அதிகாரிகள் படியேறித்தான் போய்வந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை நிதானத்தின் மாமியாருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. வாடகைக் கார் கடைசி நேரத்தில் வராமல் போனது. ஷெட் சாவி இவர் பையில் இருந்தது. அலுவலகக் காரைச் சொந்த வேலைக்குத் தொடுவது குற்றம் என்று தெரிந்தேதான் எடுத்தார். போகிற வழியெல்லாம் மாமியார், "பெட்ரோல் நாத்தம் குடலப் புரட்டுது மாப்ள" என்று சொல்லிக்கொண்டே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் வாந்தி எடுத்தார். அறுவை முடிந்ததும் டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "இன்னிக்கு முழுக்க இருமக் கூடாது, குனியக் கூடாது, வாந்தி மட்டும் வரவே கூடாது. கண்ணுக்கு ஆபத்து."

நிதானம் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நகர்ந்தார். வலப்பக்கப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. டேங்கிலிருந்து காற்று வெளியே போவதற்கான குழாய். நாற்றம் அதிலிருந்துதான் வந்தது. கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணியில் பாதியைக் கிழித்து, சுருட்டி, அதன் வாயில் திணித்தார். வீடு வந்து சேரும்வரை மாமியாருக்கு ஓர் ஏப்பம்கூட வரவில்லை.

இரவே எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். மறந்துபோனார்.

திங்கட்கிழமை இயக்குநர் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாநாட்டில் "காலம் தவறாமையே தரம்" என்ற தலைப்பில் அவர் பேச வேண்டும். வழியில் பங்க்கில் கார் நின்றது. அங்கே எட்டு வருடமாக வேலை பார்க்கும் அம்மாள், சிவப்புத் தொப்பி போட்டிருப்பார். எந்தக் காருக்கு எந்தப் பக்கம் மூடி என்று கேட்காமலே போய் நிற்பவர். மூடியைத் திருகினார். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. பம்ப் குழாயைச் செருகி அழுத்தினார். 'டக்' என்று நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி டக். ஒரு டம்ளர் அளவு இறங்குவதற்குள் ஒரு டக்.

நான்காவது டக்கில் நிதானத்துக்கு மஞ்சள் துணி ஞாபகம் வந்தது. 

அம்மாள் ஜன்னல் பக்கம் குனிந்தார். "அண்ணே, உள்ள இருக்கிற காத்து வெளிய வர வழியில்ல போல. அடியில ஏதோ அடைச்சிருக்கு. இறங்கி ஒரு தடவ பாருங்களேன்."

இறங்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் இயக்குநர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அடியிலிருந்து அலுவலகத் துணியை எப்படி வெளியே எடுப்பது? அது எப்படி அங்கே போனது என்று என்ன சொல்வது?

பதினைந்து நிமிடம் ஆனதும் இயக்குநர் பொறுமை இழந்தார். "என்னய்யா நடக்குது அங்க?"

"ஊத்துற அம்மாவுக்குக் கை பழக்கமில்ல போல சார்" என்றார் நிதானம்.

ஆறே சொற்கள். அதில் மரியாதைக்கு ஒன்று. கண்ணாடி இறங்கியிருந்ததால் அம்மாள் காதிலும் அது விழுந்தது. அவர் இவரை ஒரு தடவை பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார், மறுபடி அழுத்தினார். டக்.

மாநாட்டுக்கு இயக்குநர் நாற்பது நிமிடம் தாமதம். காலம் தவறாமையைப் பற்றிய உரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு பதினோரு பேருக்கு வாசிக்க நேர்ந்தது. அதில் நான்கு பேர் நாற்காலி அடுக்க வந்தவர்கள்.

அன்று மாலையே ஆணை பிறந்தது. 'எரிபொருள் ஏற்பு மறுப்பு ஆய்வுக் குழு' ஐந்து பேருடன் அமைக்கப்பட்டது. ஆய்வு முடியும்வரை காரை இருந்தபடியே வைக்க வேண்டும் என்று ஷெட்டில் அதைச் சுற்றி நாடா கட்டி, நான்கு மூலையிலும் அரக்கு முத்திரை வைத்தார்கள். நிதானம் நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துணியின் நுனி மஞ்சளாகக் கொஞ்சம் வெளியே தெரிந்தது. காவலாளியும் அதே திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவருக்கு நாடாவைப் பார்க்கத்தான் உத்தரவு.

குழுவின் முதல் கூட்டத்தில் நேரடி சாட்சி என்ற முறையில் நிதானத்தைக் கதவோரம் நிற்க வைத்தார்கள். குழுத் தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"நாம முதல்ல முடிவு பண்ண வேண்டியது, டேங்க் நிறையலையா, இல்ல நிறைய மறுக்குதாங்கிறது. நிறையலன்னா அது வண்டிப் பிரிவோட பிரச்சினை. மறுக்குதுன்னா அது ஒழுங்கு நடவடிக்கை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

வாகன அலுவலர் எழுந்தார். "டேங்குங்கிறது ஒரு கொள்கலன் சார். கொள்கலன் எல்லாம் சேமிப்புப் பிரிவுக்குக் கீழ வருது. எங்களுக்கு சக்கரம் இருக்கிற பாகம் மட்டும்தான்."

சேமிப்புப் பிரிவின் பிரதிநிதி, டேங்க் நகர்ந்துகொண்டே இருப்பதால் அதைச் சேமிப்பு என்று ஏற்க முடியாது என்றார். இதைப் பேசி முடிக்க மூன்று கூட்டங்கள் ஆயின. முடிவில், டேங்க் யாருடையதும் இல்லை என்பதால் அதைச் சந்தேகிக்க வழியில்லை என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மிச்சமிருந்தது ஊற்றிய கை மட்டும்.

நிதானத்துக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி தட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "என்ன ஆச்சு உங்களுக்கு? ஆபீஸ்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"ஒண்ணும் இல்ல."

மாமியாருக்குக் கட்டுப் பிரித்து நாலு நாள் ஆகியிருந்தது. "மாப்ள முகம் ஏன் இப்படி வாடிக் கெடக்கு? எனக்கு இப்பத்தான் எல்லாம் துல்லியமா தெரியுது" என்றார். "நீங்க அன்னிக்குக் கார் எடுத்துட்டு வந்தீங்க பாருங்க, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

நிதானம் கை கழுவ எழுந்து போனார்.

அடுத்த புதன்கிழமை கள ஆய்வு. நாடாவை அறுத்து, குழு ஒரு வேனிலும் நான்காம் எண் கார் அதன் பின்னாலும் பங்க்குக்குப் போயின. நிறுத்துக் கடிகாரம், கோணமானி, சிவப்புத் தொப்பியின் மணிக்கட்டை அளக்க ஒரு நாடா எல்லாம் வந்திருந்தன. அம்மாளை வலக்கையால் ஒரு தடவை ஊற்றச் சொன்னார்கள். டக். இடக்கையால். டக். வேறெதையும் நினைக்காமல் ஒரு தடவை. டக். ஒவ்வொரு டக்குக்கும் ஒருவர் நேரத்தைச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார். பின்னால் ஹாரன் அடித்த வண்டிகளின் எண்ணிக்கையும் பதிவாயிற்று.

"இப்ப ஒரு பக்கெட்ல ஊத்திக் காட்டுங்க" என்றார் தலைவர். "ஒப்பீட்டுக்கு."

"பக்கெட்ல பெட்ரோல் பிடிக்கக் கூடாது சார்" என்றார் அம்மாள். "தீப்பிடிச்சுக்கும். உங்க வாரியம்தானே அந்த போர்ட மாட்டியிருக்கு?"

எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள். அது வாரியத்தின் போர்டுதான். தலைவர் குறிப்பேட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆய்வுக்கு ஒத்துழைக்க மறுத்தார்னு போடுங்க."

"சார், நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க" என்றார் அம்மாள். "இதே குழாயில காலையிலேர்ந்து அறுபது வண்டிக்கு ஊத்திட்டேன். எல்லாம் சரியாத்தான் இறங்குது. இந்த வண்டியிலதான் கோளாறு. அடியில ஒருத்தர் குனிஞ்சு பாருங்க, போதும்."

"அம்மா, எங்களுக்குக் கொடுத்த ஆணையில 'எரிபொருள் ஊற்றும் முறை'ன்னு இருக்கு. வண்டிக்கு அடின்னு இல்ல. ஆணையில இல்லாத இடத்துல நாங்க பார்த்தா அதுக்குப் பேரு ஆய்வு இல்ல, வேடிக்கை."

அம்மாள் நிதானத்தின் பக்கம் திரும்பினார். "அண்ணே, தினம் ஓட்டுறவரு நீங்க. நீங்களாவது சொல்லுங்க."

ஐந்து பேரும் இவரைப் பார்த்தார்கள். பேனா காத்திருந்தது. இப்போது சொல்லிவிடலாம்.  வேலை போகும், குடியிருக்கும் அலுவலக வீடு போகும், மாமியார் விஷயம் வெளியே வரும். தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியல சார்" என்றார்.

அம்மாள் குழாயை எடுத்துப் பம்ப்பில் மாட்டினார்.

அறிக்கை நாற்பத்தெட்டுப் பக்கம் வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் முடிவு: ஊழியரின் மணிக்கட்டில் போதிய பொறுமை காணப்படவில்லை, வினவியபோது தொழில்நுட்பக் கருத்துகள் கூறினார், அவரை எரிபொருள் பணியிலிருந்து விலக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. அந்த பங்க்கின் தரச் சான்றிதழ் அடுத்த வாரம் புதுப்பிக்கப்பட இருந்தது. பங்க் முதலாளி வாரியத்தின் கடிதத்தைப் படித்த அன்றே அம்மாளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நிதானத்துக்கு இது தெரியாது. கார் விடுவிக்கப்பட்டதும் அவர் செய்த முதல் வேலை, ஷெட்டுக் கதவைச் சாத்திவிட்டு அடியில் படுத்துத் துணியை உருவியதுதான். மனதில் பாதிப் பாரம் இறங்கியது போலிருந்தது. நேராக பங்க்குக்கு ஓட்டினார், அந்த அம்மாளிடம் எதையாவது சொல்லலாம் என்று. பச்சைத் தொப்பி போட்ட ஒருவர் வந்து ஊற்றினார். இரண்டு நிமிடத்தில் டேங்க் நிறைந்தது.

"சிவப்புத் தொப்பி அக்கா எங்க?"

"நிறுத்திட்டாங்க அண்ணே. வாரியத்துலேர்ந்து லெட்டர் வந்துச்சாம். கை சரியில்லையாம்."

நிதானம் வண்டியை எடுக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

டேங்க் இரண்டு நிமிடத்தில் நிறைந்த செய்தி வாகனப் பதிவேடு வழியாக மாடிக்கு ஏறியது. மறுநாள் கூட்ட அறையில் இயக்குநர் பேசினார். "சில பேர் நம்ம வாரியத்தால என்ன பிரயோஜனம்னு கேக்குறாங்க. கண்ணு முன்னாடி பாருங்க. அந்த அம்மா போனாங்க, பெட்ரோல் உள்ள போச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? வண்டியில ஒரு திருகாணியக்கூட நாம தொடல. தொடாமலே சரி பண்றதுதான் நிர்வாகம்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று. குழுவினருக்குக் கேடயம். குறையை முதலில் கண்டறிந்த ஓட்டுநருக்குப் பாராட்டுப் பத்திரம்.

பத்திரத்தை வாங்கியவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பணிவு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

தான் சரிசெய்ததே அந்த அம்மாளின் மேல் கடைசி ஆணியாக இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. அன்று மதியம் துணியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வாகன அலுவலரிடம் போனார். சனிக்கிழமை முதல் எல்லாவற்றையும் சொன்னார். மாமியார், வாந்தி, குழாய், பொய் எதையும் விடவில்லை.

வாகன அலுவலர் கதவைச் சாத்தினார். "யோவ், நீ சொன்ன அந்த ஒரு வரியிலதான் நாப்பத்தெட்டு பக்கமும் நிக்குது. இப்ப வந்து அத உருவுறேங்கிறியே?"

"புகாரா எழுதித் தர்றேன் சார். என் மேலயே."

அலுவலர் புகார்ப் படிவத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புகார்தாரர்னு ஒரு கட்டம் இருக்கு. குற்றஞ்சாட்டப்பட்டவர்னு ஒரு கட்டம். ரெண்டுலயும் ஒரே பேர் வந்தா கம்ப்யூட்டர் எடுத்துக்காது. தலைவரப் பாரு."

குழுத் தலைவர் துணியை உறையோடு மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. முகத்தில் ஒரு கணம் அது தெரிந்தது. பிறகு கேடயத்தைப் பார்த்தார்.

"உக்காருங்க. நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். ஆனா அந்த உண்மை மூணு வாரம் தாமதமா வந்திருக்கு. எங்க அறிக்கை குறிச்ச தேதிக்கு ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சு. தர வாரியத்துல இருக்கோம், எதத் தரம்னு சொல்லணும் நாம?"

"அந்த அம்மாவுக்கு வேல போச்சே சார்."

"ஒருத்தங்களுக்குத்தான் போச்சு. அறிக்கை தப்புன்னு ஆச்சுன்னா அஞ்சு பேருக்குப் போகும். நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாருங்க." அவர் குரல் கனிந்தது. "உங்களுக்கு வேல பளு. பாராட்டு வாங்கினவங்களுக்கு இப்படி வர்றதுதான். ரெண்டு நாள் லீவு போட்டுட்டு தூங்குங்க."

குற்ற உணர்வுக்கு மருத்துவ விடுப்பு எழுதி, அதில் அவரே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

நிதானம் அந்த இரண்டு நாளையும் அம்மாளைத் தேடுவதில் செலவழித்தார். இரண்டாம் நாள், ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் பாத்திரக் குவியலுக்கு முன்னால் கண்டுபிடித்தார். தொப்பி இல்லாமல் முதலில் அடையாளம் தெரியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அம்மாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் ஒரு குண்டானைக் கவிழ்த்து வைத்தார்.

"உங்க மாமியாருக்குக் கண்ணு இப்ப எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுதுன்னு சொல்றாங்க."

"சரி. அது நல்லதுதான்." அடுத்த பாத்திரத்தை எடுத்தார். "அன்னிக்கு சாயங்காலமே எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே குனிஞ்சு உருவிப் போட்டிருப்பேன் அண்ணே. யார்ட்டயும் சொல்லியிருக்க மாட்டேன்."

"என்ன மன்னிச்சிருங்கம்மா."

"மன்னிப்ப வச்சு நான் என்ன பண்றது? எட்டு வருஷம் அங்க நின்னேன். இப்ப தெருவுல போனா, கை சரியில்லாதவள்னு சொல்றாங்க. எம் மகளே கேக்குறா, உனக்குக் கையில என்னம்மான்னு. நீங்க இங்க பாத்திரத்துக்கு முன்னாடி சொல்லி என்ன புண்ணியம்? அங்க போய்ச் சொல்லுங்க. வரிசையில நிக்கிறவங்க காதுல விழற மாதிரி."

மறுநாள் காலை எட்டரைக்கு, பங்க் நிரம்பி வழியும் நேரத்தில் நிதானம் போனார். முதலாளி, "வாரியத்துலேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். லெட்டர் கிடையாது. நிதானம் ஒரு முழுத்தாளில் தன் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். பம்ப்புகளுக்கு நடுவில் நின்று அதை உரக்கப் படித்தார். "வாரியத்தின் நான்காம் எண் காரில் துணி அடைத்தது நான். பழியை இந்த பங்க்கில் வேலை பார்த்த அம்மாள் மேல் போட்டதும் நான். அவர் கையில் ஒரு குறையும் இல்லை." முதல் தடவை குரல் எழும்பவில்லை. ஹாரன் அடித்தார்கள். இரண்டாம் தடவை படித்தார். மூன்றாவது தடவை படித்தபோது என்ஜின்களை அணைத்துவிட்டுக் கேட்டார்கள். பிறகு தாளை வாரியத்தின் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

நான்கு நாளில் முதலாளி அம்மாளை மறுபடி வரச்சொல்லிவிட்டார். அறிவிப்பைப் படித்த வண்டிக்காரர்கள் கேள்வி கேட்டுத் துளைத்தார்கள். பச்சைத் தொப்பி இரண்டு தடவை பெட்ரோலை வழிய விட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, சான்றிதழ் புதுப்பித்து வந்துவிட்டதால் இனி வாரியம் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியம் முதலாளிக்கு இல்லை.

வாரியத்திலும் நடவடிக்கை வந்தது. குற்றப் பத்திரிகையில் கார் எடுத்தது இல்லை, துணி இல்லை, பொய் இல்லை. வாரியச் சான்றிதழுக்கு நான்கு விரற்கடைக்குள் அனுமதியற்ற தாளை ஒட்டியது, அந்தத் தாளில் வாரியத்தின் முழுப் பெயரை எழுதாதது என்று இரண்டே குற்றங்கள். ஒரு வருடத்துக்குச் சட்டையில் வாரியத்தின் முத்திரை வில்லை அணியக் கூடாது என்று தண்டனை. நிதானம் அந்த வில்லையைக் கழற்றிக் கொடுத்தார். கேட்ட தண்டனை இதுவல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். மாமியாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர், "வாடகைக் காருக்குக் காத்திருந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து இயக்குநரோடு அதே பங்க்கில் கார் நின்றது. சிவப்புத் தொப்பி வந்தார். இவரை நிமிர்ந்து பார்க்காமலே மூடியைத் திறந்து குழாயைச் செருகினார். பெட்ரோல் சீராக இறங்கியது. இயக்குநர் ஜன்னலை இறக்கி மகிழ்ச்சியோடு எட்டிப் பார்த்தார்.

"பாத்தியாய்யா? ஆள மாத்தினதும் எப்படி இறங்குது பாரு. இந்தம்மா கைய கவனி, என்ன பொறுமை! அப்ப இருந்தாங்களே ஒருத்தங்க..."

அம்மாளின் கை குழாயில் அப்படியே நின்றது. அவர் இப்போது நிதானத்தைப் பார்த்தார்.

நிதானம் கதவைத் திறந்து கீழே இறங்கினார். பின்ஜன்னலுக்கு வந்து நின்றார். "சார், இது அதே அம்மாதான்."

"எந்த அம்மா?"

"கை சரியில்லன்னு நீங்க அனுப்பினவங்க. கை நல்லாத்தான் இருந்துச்சு சார். எப்பவுமே. துணிய அடைச்சது நான். நான் சொன்னது பொய்."

இயக்குநர் அம்மாளைப் பார்த்தார். நிதானத்தைப் பார்த்தார். வில்லை இல்லாத அவருடைய சட்டையைப் பார்த்தார். நெற்றியில் சுருக்கம் விழுந்தது, பிறகு மெல்ல விரிந்தது.

"அப்ப நாம எடுத்த நடவடிக்கையில அவங்க திருந்தியிருக்காங்க" என்றார். "இத ஆண்டு அறிக்கையில சேர்க்கணும்." கண்ணாடி மேலே ஏறியது.

டேங்க் நிறைந்து குழாய் தானாக ஒரு தடவை டக்கென்று நின்றது. அம்மாள் மூடியை இறுகத் திருகினார். நிதானம் இன்னும் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

"நீங்க இறங்குனீங்களே, அது போதும்" என்றார் அம்மாள். சிரிக்கவில்லை. "வண்டிய எடுங்க அண்ணே. பின்னாடி ஆள் நிக்குது."